சதுப்பில் எழுந்த பட்டணம்: தெலுக் இந்தானும் கீழ்ப்பேராக் தோட்டங்களும்

ஈப்போவிலிருந்து தென்மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் மலைகள் பின்னால் மறைந்து நிலம் தட்டையாகிவிடும். ஈயக்குட்டைகள் போய்ச் செம்பனை வரும். செம்பனையோடு கறுத்த நீர் ஓடும் வாய்க்கால்கள் வரும். அந்தத் தட்டை நிலத்தில் பேராக் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது தெலுக் இந்தான். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் இது கடலோடு பிழைத்த ஊர். கடல் ஏற்றம் ஆற்றின் வழியாக நகரத்துப் படித்துறை வரை வரும். ஒரு காலத்தில் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் புறப்பட்ட நீராவிக் கப்பல்கள் அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, ஊர் நடுவே சரக்கை இறக்கின.

வெளியூர்க்காரர்கள் இங்கே சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வருகிறார்கள். அதைக் கட்டியவரின் பெயர், கட்டிய ஆண்டு, உயரம் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் கோபுரத்தைச் சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை வெள்ளத்திலிருந்து மீட்டுக் காயவைத்து, மரம் நட்டு, அந்த மரத்திலிருந்து ஐரோப்பாவுக்கு இலாபம் அனுப்பியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இந்த நகரத்தைத் தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தால்தான் அதன் கதை முழுமையாக விளங்கும் என்பது என் எண்ணம்.

ஊரின் பழைய பெயர் தெலுக் மாக் இந்தான். இப்பகுதியில் வணிகம் செய்த இந்தான் என்ற மண்டைலிங் பெண்மணியின் பெயரால் வந்தது என்பது ஊரில் வழங்கும் செய்தி. 1875 நவம்பர் 2-ஆம் தேதி ஆற்றின் மேல்பக்கம் பாசிர் சாலாக்கில் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டார். அதைக் காரணமாக வைத்துப் பிரிட்டிஷார் மாநிலத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டு வந்தபின், இந்த ஆற்றுவளைவு அவர்களுக்கு வேண்டிய இடமாகிவிட்டது. பினாங்கின் துணை ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆன்சன் நகரத்தின் தெருத்திட்டத்தை வகுத்தார் என்பார்கள். ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: தெலுக் ஆன்சன். 1982-இல் பேராக் சுல்தான் பழைய பெயரை மீட்டுத் தெலுக் இந்தான் என்றாக்கினார். தோட்டத்து முதியவர்கள் சிலர் வாயில் இன்னும் ‘தெலுக்கான்சன்’தான் வருகிறது.

ஆன்சன் காலத்து நகரம் ஈயத்துக்காக எழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயம் படகுகளில் கிந்தா ஆற்றில் இறங்கி, பேராக் ஆற்றைச் சேர்ந்து, இங்கே வந்து கப்பலேறியது. அரிசியும் ஆட்களும் அபினியும் அதே வழியில் மேலே போயின. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பாதை ஈப்போவைத் தொட்டது. ஈப்போ பெரிய நகரமாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அதன் வாசல் இந்தச் சிறிய ஆற்றுத்துறைதான். அந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை மேற்குக்கரை ரயில்பாதை முழுமை பெற்றதும் ஈயம் பினாங்குப் பக்கம் நேராகப் போய்விட்டது. ஈயம் கைவிட்ட அதே ஆண்டுகளில் ரப்பர் வந்து ஊரைத் தாங்கிக்கொண்டது.

சாய்ந்த கோபுரத்தை லியோங் சூன் சோங் என்ற கட்டுமானக் குத்தகைக்காரர் 1885-இல் எழுப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே மூன்றுதான். உயரம் 25.5 மீட்டர். உள்ளே வைத்தது தண்ணீர்த்தொட்டி. கோடையில் குடிக்கவும் தீப்பிடித்தால் அணைக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது. தொட்டியின் பாரத்தை மெத்து மண் தாங்காமல் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆற்றையும் மழையையும் வைத்துக்கொண்டு குடிதண்ணீருக்குக் கோபுரம் கட்ட வேண்டியிருந்த ஊர் இது. கட்டியதை நிமிர்த்தி நிறுத்த முடியாத மண் இதன் மண். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கீழ்ப்பேராக்கில் தோட்டம் போடுவது எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும் என்பது புரியும்.

ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் உள்ள இந்தக் களிமண் நிலம் பல இடங்களில் பெரிய ஏற்றத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. உள்ளே தள்ளிப் போனால் மக்கிய இலையும் வேரும் சேர்ந்த கரிச்சதுப்பு. முதல் வேலை பண்டு கட்டுவது, அதாவது கரையை ஒட்டி மண்ணை உயர்த்திக் கடல்நீரைத் தடுப்பது. பிறகு வாய்க்கால். மரவரிசைகளுக்கு இடையே சிறிய வாய்க்கால். அவை சேரும் நடுத்தர வாய்க்கால். எல்லாம் போய் விழும் பெரிய வாய்க்கால். பெரிய வாய்க்கால் பண்டைச் சந்திக்கும் இடத்தில் மரக்கதவு. ஆறு இறங்கும்போது உள்ளிருக்கும் நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஆறு ஏறும்போது ஆற்றுநீரே வெளியிலிருந்து கதவை அழுத்தி மூடிவிடும். நாளொன்றுக்கு இரண்டு முறை இது நடக்க வேண்டும். கதவில் ஒரு மரக்கட்டை சிக்கினால்போதும், உப்புநீர் உள்ளே புகுந்து இளங்கன்றுகள் கருகும். நீரை முழுக்க வடித்துவிட்டாலும் கேடுதான்: சதுப்பு சுருங்கி நிலம் கீழே இறங்கும், மரம் வேரோடு சாயும், சில களிமண்ணில் புளிப்பு ஏறி எதுவும் விளையாது. ஆகவே வாய்க்காலை வெட்டியதோடு வேலை தீர்வதில்லை. வருடாவருடம் சேறு அள்ள வேண்டும், புல் அறுக்க வேண்டும், இடிந்த கரையைக் கட்ட வேண்டும். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் அட்டைக்கடியோடு நின்று மண்வெட்டியால் சேற்றைக் கரைமேல் எறிகிற அந்த வேலைக்கு, தோட்டக் கணக்கில் ‘வெளிக்காட்டு வேலை’ என்று பொதுப்பெயர்தான் உண்டு. காடழித்ததில் ஜாவாக்காரர்களுக்கும் பஞ்சார் மக்களுக்கும், பெரிய மண்வேலையில் சீனக் குத்தகைக் குழுக்களுக்கும் பங்கு இருந்தது. ஆனால் ஆண்டு முழுதும் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து நின்றவர்களில் பெரும்பகுதி தமிழரும் தெலுங்கருமே. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டங்களில் தெலுங்குக் குடும்பங்கள் இன்றும் கணிசமாக வாழ்கின்றன.

தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் இடையே பெர்ணம் ஆற்றுப் பக்கம் உள்ள ஜெண்டராட்டா தோட்டத்தின் தொடக்கம் தனிக்கதை. 1906-இல் அதைத் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர். அதற்கு முன் சயாமில் தொழில் செய்தவர். அவர் தொடங்கியதே பிறகு யுனைடெட் பிளான்டேஷன்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவருடைய மருமகள் முறையிலான பெண் ஒருவர் ஆப்பிரிக்காவில் காப்பித் தோட்டம் நடத்தப் போனார். கென்யாவில் தொடங்கிய அந்தக் காப்பிக் கம்பெனிக்கு வெஸ்டன்ஹோல்ஸ் தலைவராக இருந்து பணம் திரட்டித் தந்தார். அந்தப் பெண்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் காரன் பிளிக்சன். கென்யாவின் அந்தப் பண்ணை வாழ்க்கையை உலகம் புத்தகமாகவும் திரைப்படமாகவும் அறியும். அந்தக் குடும்பத்துச் செல்வத்தில் ஒரு பங்கு பெர்ணம் ஆற்றங்கரையில் பால்மரம் வெட்டியவர்களின் கைகளிலிருந்து போனது என்பது நம்மவர்களுக்கே தெரியாத செய்தி. ஜெண்டராட்டாவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு: சொந்த மருத்துவமனை, ரொட்டி அடுமனை, குறுகிய இரும்புப்பாதை எல்லாம் கொண்ட தோட்டம் அது. பக்கத்துச் சிறு தோட்டங்களில் இருந்தவர்கள் அங்கே வேலை கிடைப்பதைப் பெரிதாக நினைத்ததற்குக் காரணம் இருந்தது.

ஆட்கள் வந்த வழி மலாயா முழுவதற்கும் பொதுவானது. முதலில் ஒப்பந்தக் கூலி. அது 1910-இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்து முதலாளி கங்காணியைச் சொந்த ஊருக்கு அனுப்புவார். அவர் தம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சொந்தக்காரரையும் தெரிந்தவர்களையும் கூட்டி வருவார். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்டங்கள் வரி கட்டின. அதிலிருந்து கப்பல்செலவு வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில் சேர்ந்ததும், ஊர்ச்சாமி தோட்டத்துக் கோயிலில் குடியேறியதும், ஊர்ச்சாதி தொழிலாளர் குடியிருப்பான லயத்து வரிசைகளில் பிரிந்து உட்கார்ந்ததும் இப்படித்தான். 1938-இல் இந்திய அரசு கூலியாட்கள் வருவதைத் தடுத்தது. அதற்குப்பின் கீழ்ப்பேராக்கின் தமிழ் மக்கள்தொகை இங்கேயே பிறந்து வளர்ந்த தொகை.

தோட்டத்து நாள் இருட்டில் தொடங்கும். விடிவதற்கு முன் தண்டல் மணி, பெரட்டுக்களத்தில் வரிசை, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். பால் மரத்தில் விடியற்காலையில்தான் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். நேற்றைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டு, உளியால் பட்டையை ஒரு மயிரிழை கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கும் மண்டோரின் ஏச்சு. குறைந்தால் பால் வராது. ஒருவர் பங்குக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். கடைசி மரத்துக்குப் போனதும் முதல் மரத்துக்குத் திரும்பி வந்து மங்கு என்ற கோப்பையில் நிரம்பிய பாலை வாளியில் ஊற்றி, தோளில் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில். தாய்மார் பாதிப் பேர் வேலைக்காட்டில். இந்தக் கணக்கில் பெண்களை விட்டுவிட்டு ரப்பரின் வரலாற்றை எழுதுவது பொய் எழுதுவதற்குச் சமம்.

இந்த மக்களுக்குத் தெலுக் ஆன்சன் என்பது மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள். சம்பளம் போட்ட ஞாயிறு அன்று லாரியிலும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் நோவா ஸ்கோஷியா, சப்ராங், ருபானா, செலாபா, பாத்தாக் ராபிட் தோட்டங்களின் சனம் பட்டணத்தில் இறங்கும். செலவுச்சாமான் கடையில் போன மாதக் கடனில் ஒரு பகுதியைக் கட்டிப் புதுக் கடன் வாங்குவார்கள். துணிக்கடை, பொற்கொல்லர் கடை, அடகுக்கடை, சினிமாக் கொட்டகை. பொன் வாங்குவது வாழ்வின் சேமிப்பு. அது எத்தனை முறை அடகுக்குப் போய்த் திரும்பியது என்பதில் குடும்பத்தின் வரலாறே இருக்கும். நகரத்துச் சீனக் கடைக்காரர் பலர் சந்தைத் தமிழ் நன்றாகப் பேசினார்கள். கூலிச் சனத்திடம் பணம் புரண்டால்தான் அவர்கள் கல்லாவும் நிறையும்.

பட்டணத்திலேயே குடியிருந்த தமிழர்கள் வேறு வகையினர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்தினார்கள். சிறுதோட்டக்காரர், வணிகர், நிலம் வாங்குவோர் எல்லோருக்கும் அவர்கள் கடன் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிமாராக இருந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் கடைவீதியைப் பிடித்தார்கள். இந்த ஊரின் மஸ்தான் கனி மீ ரெபுசைச் சாப்பிட ஈப்போவிலிருந்து கார் போட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. மஞ்சள் மீயின்மேல் இனிப்பும் உறைப்புமான கெட்டிக் குழம்பு, மாவு வடைத் துண்டுகள், கணவாய்ச் சம்பல், ஒரு எலுமிச்சைத் துண்டு. சீன மீயும் மலாய்க் குழம்பும் தமிழ் முஸ்லிமின் கைப்பக்குவமும் சேர்ந்த ஒரு தட்டு. இந்தக் கரையோர நகரத்தின் சமூகத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த ஆய்வேடும் சொல்லிவிட முடியாது.

செட்டியார்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இங்கே சித்ரா பௌர்ணமியைப் பெருவிழாவாக வளர்த்தது. பினாங்குக்கும் ஈப்போவுக்கும் தைப்பூசம் எப்படியோ அப்படித் தெலுக் இந்தானுக்குச் சித்ரா பௌர்ணமி. சித்திரை நிலவில் தேர் வீதி சுற்றும், காவடியும் பால்குடமும் வரும், தண்ணீர்ப்பந்தல்கள் எழும். கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். வட்டிக்குக் கொடுத்தவரும் வட்டி கட்டியவரும் ஒரே தேர்வடத்தைப் பிடித்த நாள் அது. அதனால் அவர்களுக்கிடையே இருந்த தூரம் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்துச் சனம் பட்டணத்து வீதியின் நடுவில் நடந்த நாள் அதுதான். மற்ற நாட்களில் அவர்கள் ஐந்தடிப் பாதையின் ஓரத்தில் நின்றவர்கள்.

1942 ஜனவரியில் இந்தச் சிற்றூர் உலகப்போரின் வரைபடத்தில் ஏறியது. கம்பாரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரை நான்கு நாட்கள் தடுத்து நிறுத்தியது. அப்போது ஜப்பானியர் படகுகளில் கடலோரமாக வந்து, ஜனவரி 2-ஆம் தேதி தெலுக் ஆன்சனில் இறங்கினார்கள். பின்பக்கம் வழி அடைபடுமோ என்ற அச்சத்தில் கம்பார் கைவிடப்பட்டது. ஐந்து நாளில் சிலிம் ரிவரும் விழுந்தது. வணிகத்தைக் கொண்டு வந்த ஆறு அன்று படையையும் கொண்டு வந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் நின்றன, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அப்படிப் பட்டினி கிடந்த லயங்களிலிருந்துதான் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆண்களைக் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழரில் மிகப் பலர் திரும்பவில்லை. தாத்தாவோ தாத்தாவின் தம்பியோ சயாமுக்குப் போனவர் என்ற பேச்சு இல்லாத பழைய தோட்டக் குடும்பம் அரிது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வேறு விதமான இடி. வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றிப் பொருளியலாளர் உங்கு அஜீஸ் அளித்த அறிக்கை, வேலையும் வீடும் ஒரே நாளில் போன தொழிலாளிகளின் நிலையைப் பதிவு செய்திருக்கிறது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களில் பல்லாயிரம் பேர், தாங்கள் நட்ட மரத்தை விட்டுக் கப்பலேறினார்கள். அதன்பின் செம்பனை. ரப்பருக்கு நாள்தோறும் மரத்துக்கு மரம் ஆள் வேண்டும். செம்பனைக்குக் குலை பழுக்கும்போது வெட்டவும் உதிரிப்பழம் பொறுக்கவும் மருந்தடிக்கவும் உரம் போடவும் ஆள் இருந்தால் போதும். லயங்கள் காலியாயின. அவற்றில் பல இன்று இந்தோனேசியரும் வங்கதேசத்தாரும் தங்கும் இடங்கள்.

ஆகவே இன்றைய தெலுக் இந்தானில் வாழும் தமிழர் பலர் தோட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் நகர்ந்து வந்தவர்களே. மலிவுவிலைத் தாமான் வீடு; தொழிற்சாலைப் பஸ்; லாரி ஓட்டுநர், பாதுகாவலர், தாதி, ஆசிரியர், வழக்கறிஞர். துறைமுகம் ஓய்ந்து, ரயில்பாதையும் மூடப்பட்டது. மேற்குக் கரை விரைவுச்சாலை இப்போது அருகே ஓடுகிறது. பிள்ளைகள் அதில் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போய் வருகிறார்கள். காலை நான்கரைக்கே எழும் பழக்கம் மட்டும் மூத்தவர்களை விடவில்லை. விடியுமுன் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் முன்பு பெரட்டுக்களத்தில் நின்றவர்கள்.

லயம் போனபின்னும் தோட்டத்தின் பெயர் நிலைத்து நிற்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் ஆயாக் கொட்டகைப் பக்கத்தில் ஒரு தகரக்கூரை, எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியோ கிராணியோ வாத்தியார். அப்படித் தொடங்கியவைதான் சப்ராங், ருபானா, ஜெண்டராட்டா, பிளமிங்டன், நோவா ஸ்கோஷியா என்று தோட்டத்துப் பெயரைச் சுமந்து நிற்கும் இன்றைய தமிழ்ப்பள்ளிகள். 1957-இல் நாட்டில் 880-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். அவற்றில் 130-க்கும் மேற்பட்டவை பேராக்கில். பிள்ளைகள் குறைந்து பல மூடப்பட்டன. சில தாமான் பக்கம் இடம் மாறின. இடம் மாறும்போது பழைய காகிதங்களுக்குப் புதுக் கட்டடத்தில் அலமாரி ஒதுக்குவோர் குறைவு.

அந்தக் காகிதங்களில் இருக்கிறது நான் தேடும் வரலாறு. சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் இருக்கும். ஒரே மாதத்தில் இருபது பிள்ளைகள் விலகியிருந்தால் அந்த மாதம் தோட்டம் விற்கப்பட்டிருக்கிறது, அல்லது வேலை அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது செம்பனைக்காக மரம் சாய்க்கப்பட்டிருக்கிறது. எந்தப் பெயர் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்துக்கு நகர்ந்தது என்று பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட்டால், கம்பெனி ஆண்டறிக்கைகள் ‘தொழிலாளர் எண்ணிக்கை’ என்று ஒற்றை எண்ணில் அடைத்துவிட்ட மக்கள் குடும்பம் குடும்பமாக வெளியே வருவார்கள். தோட்டத்துக் கோயில்களின் திருவிழா வரி நோட்டுகளும் இதற்கு உதவும். யார் எந்த லயத்தில் இருந்தார், யார் எவ்வளவு கட்டினார், எந்த ஆண்டில் பெயர் நின்றது என்று அவை சொல்லும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஆண்டு வாரியாக அடுக்கி, தலைமையாசிரியர் அனுமதியோடு ஒரு பிரதியை ஈப்போவில் ஒரு நூலகத்திலும் இன்னொன்றைப் பள்ளியிலும் வைத்தால் போதும். முதலில் 1942-க்கு முந்திய பதிவேடுகள், அடுத்து 1951 முதல் 1960 வரை, அதன்பின் 1969, 1970. ஆவணங்கள் எங்கெங்கே பிழைத்திருக்கின்றன என்று விசாரிக்க, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் வீட்டுக்கதவிலிருந்து தொடங்கலாம். பள்ளி மூடியபோது சாவியோடு நோட்டுகளையும் வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் அவர்கள்.